ஆடி மாசம், எட்டாம் நம்பர், சிவப்பு வண்டி

ஜூன் 30, திங்கள்

ஸ்கூட்டர் இன்னிக்கும் மக்கர். கரந்தையிலேர்ந்து கிளினிக் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தேன். கால் வைக்கிற இடத்துல மிஷின் பை, பின் சீட்டுல கயிறு போட்டுக் கட்டின வாக்கர், ஹேண்டில்ல தொங்குற மணல் மூட்டைங்க. வழியில ஒருத்தர் நிறுத்தி, "பழைய இரும்பு எடுக்கிறீங்களாம்மா? வீட்டுல ஒரு கட்டில் கிடக்கு"ங்கிறார். பிசியோதெரபிஸ்ட்டுய்யா நான்! கட்டில்ல கிடக்கிற ஆளை எழுப்பி நடக்க வைக்கிறவ! வாய் வரைக்கும் வந்துச்சு. மூச்சு வாங்கினதுல சொல்ல முடியலை, சிரிப்பு வேற வந்துடுச்சு.

கிளினிக்ல டாக்டர் கூப்பிட்டு விட்டார். ஆகஸ்ட்டிலேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது கிடையாதாம். "எல்லாரும் இங்க வரட்டும் இளவெயினி. நீ வெயில்ல அலைய வேண்டாம்." என் மேல அக்கறையாம்! பக்கவாதம் வந்து விழுந்தவங்க எப்படி வருவாங்க? திருவையாத்து சவரிராஜ் சார், ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்தவர், பொங்கலுக்கு மறுநாள் இடது பக்கம் விழுந்துடுச்சு. இப்பதான் வாக்கரைப் பிடிச்சு வாசல் வரைக்கும் வர்றார். ஒரத்தநாட்டுல ரெண்டு பேர், அம்மாப்பேட்டையில ஒருத்தங்க. அவங்களை எல்லாம் நட்டாத்துல விடச் சொல்றார்.

"ஜூலைக் கடைசியில என் முடிவைச் சொல்றேன் சார்"னு சொல்லிட்டேன். எந்த தைரியத்துல சொன்னேன்னு தெரியலை. வேலையை விட்டுட்டு நானே தனியா வீடு வீடாப் போகலாம். படிப்பு இருக்கு, கை இருக்கு, என்னையே கேக்கிற ஆளுங்களும் இருக்காங்க. ஒரு கார் இருந்தாப் போதும். லைசென்ஸ்கூட காலேஜ் முடிச்ச வருஷமே எடுத்தாச்சு. ஆக வண்டி மட்டும்தான் பாக்கி. வேற ஒண்ணும் இல்லை.

ஜூலை 2, புதன்

அப்பாகிட்ட சொன்னேன். "வாங்கு"ன்னார். அவ்வளவுதான். காபியில சக்கரை குறைச்சலா இருக்குன்னு அதுக்குத்தான் பத்து நிமிஷம் பேசினார்.

ஜூலை 5, சனி

பைபாஸ் ரோட்ல பழைய கார் விக்கிற யார்டுக்குப் போயிருந்தேன். கஜேந்திரன்னு ஒருத்தர் நடத்துறார். வாய் நிறைய "மேடம், மேடம்." வரிசையா வெள்ளை வண்டிங்க. எல்லாம் ஒண்ணு மாதிரி, கல்யாணப் பந்தியில தயிர்சாதம் வெச்ச மாதிரி. அந்த வரிசைக் கடைசியில ஒரு சிவப்பு.

சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். டர்போ எஞ்சினாம். சின்ன வண்டிதான், ஆனா பின்னாடி ஒரு சின்ன இறக்கை, கறுப்பு வீல், ரெண்டு பக்கமும் கறுப்புக் கோடு. சீட்டு உடம்பைக் கட்டிப் பிடிக்குது. ஸ்டியரிங் கைக்குள்ள அப்படியே உக்காருது. நான் ஒரு நோயாளி வீட்டுக்குப் போற ஆளு, எனக்கு எதுக்கு இறக்கை? டிக்கியைத் திறந்து வாக்கர் போகுமான்னு பார்த்தேன். போகுது. மிஷின் பையும் போகும். அதைத்தான் பார்க்கணும், பார்த்தேன்.

உள்ளே எலுமிச்சம்பழ வாசனை மூக்கைத் துளைக்குது. பூஜை எல்லாம் போட்டு நல்லா வெச்சிருந்தவங்க போல. சீட் கவர்கூடப் புதுசு.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மேடம்"னார். செருப்பு சரியில்லை, குதிகால் உசரம். அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். மூணாவது கியர்ல ஒரு மிதி மிதிச்சார் பாருங்க! முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. "பரவாயில்லை"ன்னு மட்டும் சொன்னேன்.

விலை ரொம்பக் கம்மியாச் சொல்றார். ஏன்னு அடுத்த வாட்டி கேக்கணும்.

ஜூலை 8, செவ்வாய்

திருவையாறு. சவரிராஜ் சாருக்கு இடது தோள், முழங்கை. பந்தைத் தள்ளச் சொன்னா பாதியில நிறுத்திடுறார். "முழுசா சார், முழுசா! பாதிக்கு மார்க்கு கிடையாது"ன்னு கத்தினேன். "ஊர்ப் பிள்ளைங்களை நான் கத்தினதுக்கு ஆண்டவர் உங்களை அனுப்பிச்சிருக்கார் டாக்டரம்மா"ங்கிறார். டாக்டர் இல்லைன்னா கேக்கிறதில்லை.

சிவப்பு வண்டியைப் பத்திச் சொன்னேன். அவ்வளவுதான், மைதானக் குரல் வந்துடுச்சு. "முதல் வண்டிக்கு அதா? நேத்து ஓடப் பழகின பையனை நேரா நூறு மீட்டர் ஃபைனல்ல நிறுத்துற மாதிரி! கிளட்ச் கெட்டியா இருக்கும். அடி தட்டும். எங்க தெரு ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தீங்கல்ல? அதுல ஏறி நின்னுக்கிட்டு, முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது. பெட்ரோலை மொண்டு மொண்டு குடிக்கும். போதாக்குறைக்கு எந்தப் பொடிப்பய எந்த ரோட்டுல வெச்சு மிதிச்ச வண்டியோ!"

பிலோமினாக்கா, அவர் சம்சாரம், உள்ளேர்ந்து, "கலர் நல்லாருக்குன்னா எடுத்துக்கம்மா, அவரு கிடக்கிறாரு"ன்னாங்க.

சார் சொன்னது எல்லாம் சரிதான். எனக்கே தெரியும். தெரிஞ்சும் திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுகிட்ட எவனோ சிவப்பு வண்டியில போனான், திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

அப்பாவைக் கூட்டிக்கிட்டு யார்டுக்குப் போனேன். அப்பா மின்வாரியத்துல இருந்தவர். நல்ல நேரம் பார்க்காம ராகுகாலத்துலயே கல்யாணம் பண்ணிக்கிட்டவர். எனக்குத் தொட்டில் போட்டதுகூட அமாவாசை அன்னிக்குத்தான், வேணும்னே. அந்த வீட்டுல பிறந்தவ நான்.

வண்டியைச் சுத்தி வந்துட்டு அப்பா நேரா கேட்டார். "விலை ஏன்ப்பா இவ்வளவு கம்மி? அடிபட்ட வண்டியா?"

கஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இல்லீங்க ஐயா. நம்பரைப் பாருங்க. அஞ்சாயிரத்துப் பன்னெண்டு. கூட்டினா எட்டு. சனீஸ்வரன் நம்பர். வர்றவன் எல்லாம் வண்டியைப் பார்க்கிறான், பின்னாடி போய் நம்பரைக் கூட்டுறான், ஓடிப் போயிடுறான். மெட்ராஸ்ல ஒரு பணக்காரப் பையன் வெச்சிருந்தது. இன்னும் அஞ்சு நாள்ல ஆடி வேற பிறக்குது, எவனும் வண்டி எடுக்க மாட்டான். ஆடி மாசம், எட்டாம் நம்பர். இதுக்கு மேல நான் எப்படிங்க விலை சொல்றது?"

அப்பா முகத்துல வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! "எட்டு என்னய்யா பண்ணும்? ரோட்டுல குறுக்க படுத்துக்குமா?"ன்னு கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறார். "ஊர்ல இருக்கிற முட்டாப்பசங்க எல்லாம் சேர்ந்து நமக்கு விலையைக் குறைச்சுக் குடுத்திருக்காங்க வெயினி! விடக் கூடாது. ஆடி ஒண்ணாந்தேதியே அட்வான்ஸ் குடுப்போம்."

நானும் சிரிச்சேன். பெருமையாத்தான் இருந்துச்சு. நிஜம்மா.

"மேடம் இன்னிக்காவது ஓட்டிப் பாருங்க"ன்னார் கஜேந்திரன். புடவை கட்டியிருந்தேன், சரிப்படாது. அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. யார்டு டிரைவர்தான் ஓட்டிக் காட்டினான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. அட்வான்ஸ் குடுத்தாச்சு. அப்பா வேணும்னே கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தார். மெக்கானிக் யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டலாமான்னு கேட்டேன். "காரணம்தான் தெரிஞ்சு போச்சேம்மா"ன்னார் அப்பா.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்து வீட்டுல நம்பரைக் கேட்டுட்டு உச்சுக் கொட்டினாங்க. அப்பாவுக்கு ரெண்டு இட்லி கூடப் போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

கிளினிக் லீவு. அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, அப்படியே யார்டுக்குப் போனேன். கஜேந்திரன் சாவியைக் குடுத்துட்டு வேற ஆளைக் கவனிக்கப் போயிட்டார். டிரைவர் சீட்ல உக்காந்தேன். ஸ்டார்ட் பண்ணலை. கிளட்சை மிதிச்சு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, திரும்ப மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு போட்டுப் பார்த்தேன். கெட்டிதான். தொடை வலிச்சுது. காலை வெயில் அடிக்குது, ஆனா கண்ணாடிக்கு உள்பக்கம் மூச்சு விட்ட மாதிரி ஆவி படிஞ்சிருக்கு. துணியால துடைச்சேன்.

ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன் போல. "என்ன மேடம், குடித்தனமே வந்துட்டீங்களா?"ன்னார்.

ஜூலை 23, புதன்

டாக்டர் கேட்டார், "யோசிச்சியா?" இன்னும் நாள் இருக்கு சார்னேன். புது ஏசி போட்டுத் தரேங்கிறார். ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, வர முடியாதவங்களுக்காகக் காத்திருக்கணுமாம்.

ஜூலை 25, வெள்ளி

பாக்கித் தொகை குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் வண்டியை வெச்சுப் பார்க்கணும்னு கேட்டேன். சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. நாளைக்கு ஒரு அவசரம்னா என் ஆளுங்களை அதுல ஏத்தி இறக்க முடியணும் இல்லையா? சவரிராஜ் சாரை வெச்சே பார்த்துடலாம்னு முடிவு. கஜேந்திரன் ஒத்துக்கிட்டார். நாளைக்கு டிரைவரோட அனுப்புறார். டிரைவரோடதான்.

ஜூலை 27, ஞாயிறு, காலை

நேத்து எழுதலை. எழுதற நிலைமையில இல்லை. இப்ப உக்காந்திருக்கேன், அப்பா இன்னும் எழுந்திருக்கலை. ஒண்ணு விடாம எழுதணும்.

டிரைவர்தான் திருவையாறு வரைக்கும் ஓட்டினான். எனக்கு வழியில போன் பேச வேண்டியிருந்துச்சு. (யாரும் கூப்பிடலை. எழுதிடறேன், இனிமே என்ன?) சார் வீட்டு வாசல்ல நிறுத்திட்டு, "பக்கத்து ஊர் நடுக்கடையில மாமியா வீடு மேடம், சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்"னுட்டு பஸ் ஏறிட்டான்.

நானும் பிலோமினாக்காவும் சாரைக் கூட்டி வந்து முன் சீட்ல உக்கார வெச்சோம். சீட்டு தாழ்வா இருந்ததால தொபுக்குன்னு விழுந்தார். "ஏறிட்டேன், இறங்கறதுக்குக் கிரேன் வெச்சிருக்கீங்களா?"ன்னு ஒரே கிண்டல். உக்கார வெச்சதோட விட்டிருக்கலாம். ஆனா எனக்கு எதைப் பார்த்தாலும் பயிற்சிதான். பெல்ட் அவருக்கு இடது தோள்பட்டைகிட்ட தொங்குது. நல்ல வாட்டம்.

"சார், இடது கையால பெல்ட்டைப் பிடிங்க. முன்னாடி இழுங்க."

பிடிச்சார். ஒரு சாண் வந்துச்சு. நிறுத்திட்டார்.

"முழுசா!"

"போதும் டாக்டரம்மா, மாட்டுற அளவுக்கு வந்துடுச்சு."

"மாட்டச் சொன்னேனா? முழுசா இழுக்கச் சொன்னேன். வலது கையால பிடிச்சு வெச்சுக்கிட்டு, இடது கையால மறுபடி இழுங்க. கடைசி வரைக்கும்!"

அவருக்கு ரோஷம் வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்கிறார், பிடிக்கிறார், இழுக்கிறார். பெல்ட் வந்துக்கிட்டே இருக்கு. யாரும் வாழ்நாள்ல பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டாங்க. கடைசி முழம் வெளியில வந்தப்ப கலர் மாறிடுச்சு. கறுப்பு பெல்ட்ல செம்மண் பூசின மாதிரி ஒரு பட்டை. அதுக்கு மேல கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு.

நான் ஏதோ அழுக்குன்னு நினைச்சேன். பிலோமினாக்கா குனிஞ்சு விரலால தேய்ச்சாங்க, உதிர்ந்துச்சு. மோந்து பார்த்தாங்க. "வெயினி, இது வெள்ளத் தண்ணி. கொள்ளிடம் வீட்டுக்குள்ள வந்தப்ப எங்க சுவத்துல இதே கோடுதான் நின்னுச்சு. வெள்ளையடிச்சும் போகலை."

கால் மிதியடியைத் தூக்கினேன். அதுக்குக் கீழ ஒட்டியிருந்த விரிப்பைப் பிரிச்சேன். களிமண் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. சீட்டு போல்ட்டு எல்லாம் துரு. வண்டி கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னிருக்கு! எலுமிச்சம்பழ வாசனை, புது சீட் கவர், கண்ணாடியில ஆவி. எல்லாம் என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. எட்டுன்னு ஒரு காரணம் கையில கிடைச்சதும் வேற காரணம் தேடறதையே விட்டுட்டோம். எட்டுக்குப் பயப்படுற ஆளு ஓடிப் போய்த் தப்பிச்சுட்டான். பயப்படாத நாங்கதான் நேராப் போய் மாட்டிக்கிட்டோம். கஜேந்திரன் எங்களைப் பார்த்ததும் எந்தக் கதை எடுபடும்னு கண்டுபிடிச்சுட்டான். நினைச்சா இப்பவும் உடம்பெல்லாம் எரியுது.

கஜேந்திரனுக்குப் போன் போட்டேன். வண்டி வேண்டாம், ஆளை அனுப்பி எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். அப்புறம் "மேடம்" காணாமப் போயிடுச்சு. "டிரைவர் இனிமே வர மாட்டான். நீங்கதான எடுத்துட்டுப் போனீங்க, நீங்களே கொண்டாந்து விடுங்க. இன்னிக்குள்ள யார்டுல வண்டி நிக்கலைன்னா நீங்க எடுத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அட்வான்ஸ் பேச்சே வேண்டாம்." வெச்சுட்டான்.

"தெருவுல யாராவது ஓட்டத் தெரிஞ்ச பையனைப் பிடிப்போமா?"ன்னு கேட்டாங்க அக்கா.

எழுதிடறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் இருக்கு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நான் மிதிக்கிறேனா அவர் மிதிக்கிறாரான்னே தெரியாம ஓட்டினேன். டெஸ்ட் அன்னிக்கும் அவர் கால்தான் ஓட்டுச்சுன்னு எனக்கு சந்தேகம். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பயம். வெறும் பயம். கார் இல்லைங்கிறது எனக்கு ஒரு சௌகரியமா இருந்துச்சு. கார் வந்துட்டா வேலையை விடாம இருக்கச் சாக்கு கிடையாது.

ஆனா அந்த ஆளு போனை வெச்ச விதம் இருக்கே! "யாரும் வேண்டாம், நானே ஓட்டுறேன்"னு வாய் சொல்லிடுச்சு.

சாரை இறக்கலாம்னு கையை நீட்டினேன். அவர் பெல்ட்டை மாட்டிக்கிட்டார். "இறங்கறதுக்கு ரெண்டு பேர் கை வேணும், நேரம் ஆகும். ஓட்டுங்க." பிலோமினாக்கா வீட்டைப் பூட்டிட்டு ஜெபமாலையோட பின் சீட்ல ஏறிட்டாங்க.

முதல் தடவை கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி குதிச்சு நின்னுச்சு. ரெண்டாவது தடவையும். மூணாவது தடவை நகர்ந்துச்சு. தெரு முனை ஸ்பீடு பிரேக்கர்ல அடி கர்ர்ருன்னு தேய்ச்ச சத்தத்துல டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. சார் வாயைத் திறக்கலை. வாழ்க்கையில முதல் தடவையா சவரிராஜ் சார் பேசாம உக்காந்திருக்கிறதைப் பார்த்தேன். நெத்தியெல்லாம் வேர்வை.

திருவையாத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு அஞ்சு ஆறு, அஞ்சு பாலம். காவிரிப் பாலம் ஏறுறப்பவே நின்னு போச்சு. பின்னாடி டவுன் பஸ். ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான். "யம்மா, ஓரமாப் போய் அழும்மா!"ன்னு எவனோ கத்தினான். நான் அழலை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், மூச்சு விட்டேன், நோயாளிகிட்ட சொல்ற மாதிரி என் காலுக்கே சொன்னேன், மெதுவா, விடாத, மெதுவா. ஏறிடுச்சு. குடமுருட்டியில ஒரு தடவை நின்னுச்சு. வெட்டாத்துல நிக்கலை. வெண்ணாத்துல நிக்கலை, அதுக்கடுத்த அஞ்சாவது பாலத்துலயும் நிக்கலை. அதுக்கப்புறம் ரோடு கொஞ்சம் காலியா இருந்துச்சு. மூணாவது கியர் போட்டு மிதிச்சேன்.

ஐயோ, அந்த இழுப்பு! இந்தத் தடவை யார் காலும் இல்லை, என் கால். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, வாய் விட்டுச் சிரிச்சேன். சாரும் சிரிச்சார். பின்னாடி ஜெபம் மட்டும் இன்னும் சத்தமாச்சு.

யார்டுல கொண்டு போய் நிறுத்தினேன். ஆடியாவது ஒண்ணாவது, சனிக்கிழமைங்கிறதால நல்ல கூட்டம். கஜேந்திரன், "அதெல்லாம் சாதாரண அழுக்கு, நீங்க நம்பருக்குப் பயந்துக்கிட்டு..."ன்னு ஆரம்பிச்சார். நம்பருக்குப் பயமாம்! நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனா சார் சீட்ல உக்காந்தபடியே கதவைத் திறந்துக்கிட்டு, ஆயிரம் பிள்ளைங்களை வரிசையில நிறுத்தின அந்தக் குரலை எடுத்தார். "வண்டி பார்க்க வந்தவங்க எல்லாரும் கவனிங்க! பெல்ட்டைப் பிடிங்க! கடைசி வரைக்கும் இழுங்க!"

இழுத்தாங்க. யார்டு முழுக்க இழுத்தாங்க. குடும்பம் குடும்பமா ஆளுக்கொரு வண்டியில குனிஞ்சு பெல்ட்டை இழுக்கிறதைப் பார்க்கணும்! "இங்கேயும் மண்ணு இருக்குங்க"ன்னு ஒரு வெள்ளை வண்டியிலேர்ந்து ஒரு அம்மா சத்தம் போட்டாங்க. கஜேந்திரன் ஓடிப் போய் அட்வான்ஸை எடுத்துக்கிட்டு வந்து என் கையில திணிச்சு, "மேடம், ஐயாவை அழைச்சுட்டுப் போங்க மேடம், புண்ணியமாப் போகும்"னார். மேடம் திரும்பி வந்துடுச்சு.

ஆட்டோ பிடிச்சு அவங்களைத் திருவையாத்துல விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாகிட்ட சொன்னேன். கொடியில கிடந்த கறுப்புச் சட்டையை எடுத்து மடிச்சு உள்ள வெச்சார். அப்புறம், "முட்டாப்பசங்கன்னு சொன்னேன்ல? அதுல நான்தான் முதல் ஆளு. என் வீறாப்புக்கு நீ மாட்டியிருப்பே"ன்னார். பாவமா இருந்துச்சு. எனக்கும் அதே வீறாப்புதான்ப்பான்னேன்.

இதை எழுதிக்கிட்டு இருக்கிறப்பதான் தோணுது. கடவுளே! சாரோட கை! கடைசி இழுப்புல முழங்கை முழுசா நீண்டுச்சே! இத்தனை மாசமா பாதியில நின்ன கை. கதவைத் திறந்ததும் அதே இடது கையாலதான். மண்ணைப் பார்த்த கண்ணு கையைப் பார்க்கலையே, நான் என்ன பிசியோதெரபிஸ்ட்! போன் போடப் போறேன்.

ஜூலை 28, திங்கள்

டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இந்த மாசத்தோட விலகிக்கிறேன் சார்னு. "வண்டி வாங்கிட்டியா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். "அப்ப எப்படிப் போவே?" எப்படியாவது போவேன் சார். வெளியில வந்து ஸ்கூட்டரை மூணு உதை உதைச்சப்புறம்தான் பயம் வந்துச்சு. ஆனா முன்னாடி இருந்த பயம் இல்லை இது. இது நல்ல பயம்.

ஜூலை 31, வியாழன்

நாலு வண்டி பார்த்தாச்சு. நாலையும் நானே ஓட்டிப் பார்த்தேன். செருப்பு, புடவை, எதுவும் தடுக்கலை. ஒரு தயிர்சாதம் ரொம்ப நல்ல வண்டி. கிளட்ச் வெண்ணெய். குறையே சொல்ல முடியலை. ஓட்டிட்டு இறங்கினேன், எந்தக் கலர்னே மறந்து போச்சு.

ஆகஸ்ட் 2, சனி

கும்பகோணத்துல மங்கையர்க்கரசின்னு ஒரு லெக்சரர் வீட்டுல ஒரு வண்டி. அவங்க பெங்களூருக்குப் போறாங்களாம். சாம்பல் கலர், அதே டர்போ வகை. வயசு கொஞ்சம் கூட, பம்பர்ல ஒரு கீறல். "அது நான் எங்க வீட்டு கேட்லயே இடிச்சது"ன்னு அவங்களே காட்டினாங்க. கேக்காமலே குறையைச் சொல்றவங்களை ஒரு மாசத்துல முதல் தடவையாப் பார்க்கிறேன். பெல்ட் அஞ்சையும் கடைசி வரைக்கும் இழுத்தேன். விரிப்பைத் தூக்கினேன். மெக்கானிக்கை வரவெச்சேன், அவர் அடியில படுத்து அரை மணி நேரம் பார்த்தார். அப்பா அமைதியா வராந்தாவுல உக்காந்திருந்தார்.

"நம்பரைக் கூட்டிப் பார்க்கலையாப்பா?"

"வேண்டாம்மா. எட்டு வந்துட்டா எனக்கு சந்தோஷமாயிடும். அப்புறம் கண்ணு தெரியாது."

கூட்டலை. வாங்கிட்டேன்.

நல்ல முதல் வண்டியான்னு யாராவது என்கிட்ட வந்து கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். சார் சொன்ன எல்லாமே நிஜம். அடி தட்டும், ஸ்பீடு பிரேக்கர்ல குறுக்கா ஏத்தி இறக்கணும். பெட்ரோல் குடிக்கும். கிளட்ச் தொடையைப் பிடிக்கும். புதுசா ஓட்டுறவங்க மெத்துனு ஒரு வெள்ளையை எடுத்துக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஆனா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தது இந்த மாதிரி ஒரு வண்டிதான், அஞ்சு பாலம் ஏறிட்டேன். கும்பகோணத்துலேர்ந்து வீடு வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். அப்பா பக்கத்துல தூங்கிட்டார். தூங்கிட்டார்! அதை விட என்ன சர்டிஃபிகேட் வேணும்?

ஆகஸ்ட் 4, திங்கள்

என் சொந்த வேலை இன்னிக்கு ஆரம்பம். காலையில திருவையாறு. சார் பந்தை எல்லாத் தடவையும் கடைசி வரைக்கும் தள்ளினார். மார்க்கு குடுத்தேன்.

மத்தியானம் கண்டியூர்ல ஒரு புது வீடு. பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு. சார்தான் சொல்லி அனுப்பினது. வாசல்ல வண்டியை நிறுத்தி, வாக்கரை எடுத்துக்கிட்டு உள்ள போனேன். ஒரு மணி நேரம் வேலை. பெரியவர் கத்தினார், நானும் கத்தினேன், கடைசியில காலை மடக்கினார்.

கை கழுவிட்டு வந்தா, அந்த வீட்டு மருமக தட்டுல ரெண்டு டம்ளரோட நிக்கிறாங்க. ஒண்ணை என்கிட்ட நீட்டிட்டு வாசலை எட்டிப் பார்த்தாங்க. "டிரைவர் வெயில்லயே இருக்காரா? உள்ள வரச் சொல்லுங்களேன், அவருக்கும் கலந்துட்டேன்."

"டிரைவர் நான்தாங்க."

வண்டியைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. மறுபடி வண்டியைப் பார்த்தாங்க. அப்புறம் முகம் முழுக்கச் சிரிச்சுக்கிட்டு ரெண்டாவது டம்ளரையும் நீட்டினாங்க.

ரெண்டையும் குடிச்சேன். டிரைவர் காபியிலதான் சக்கரை கொஞ்சம் தூக்கல்.